பாசுமதியில் சிரித்த நண்பர்கள் மாயாவியில் பிரிந்தது ஏன்?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

"மேடம், எனக்கு 46 வயது. சொந்த ஊர் சாத்தூர், இப்போது கோவையில் வேலை. சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம். அஞ்சாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன் ஒருவன், அவனும் அப்படித்தான். இன்னும் ஊரிலேயே இருக்கிறான். காமிக்ஸ் வாசகர்கள் 30 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். போன மாதம் இரும்புக்கை மாயாவி என்ற பழைய காமிக்ஸின் மறுபதிப்பைப் பற்றி அவன் உருகி உருகி எழுதியிருந்தான். 'மாயாவி கதையை இப்போ படிச்சா சிரிப்புதான் மாப்ள வருது. லார்கோ வின்ச், தோர்கல்னு காமிக்ஸ் எவ்வளவோ வந்தாச்சு. இன்னும் மாயாவியவே கட்டிக்கிட்டு அழுறவங்க வளரவே இல்லைன்னு அர்த்தம்' என்று போட்டேன். நாலு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். மொத்தம் எட்டு மெசேஜ்தான். குழுவை விட்டே போய்விட்டான். போனும் எடுப்பதில்லை. இத்தனைக்கும் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா, பாசுமதியா என்று இதே குழுவில் இரண்டு நாள் சண்டை போட்டுச் சிரித்தவர்கள் நாங்கள். ஒரு பொம்மைக் கதைக்கு இவ்வளவு கோபமா? அந்தக் காலத்தில் என் அப்பா என் காமிக்ஸையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டார், அதற்கே நான் பேசாமல்தான் இருந்தேன் (மிச்சப் புத்தகம் அவன் வீட்டில் இருந்ததால் தப்பித்தது). என் கருத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? என் பையன் நாளெல்லாம் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான், அதைப் பற்றியும் நான் இப்படித்தான் பேசுவேன், அவன் கோபித்துக்கொள்வதில்லையே. 'இதுக்காகவா ராத்திரி தூங்காம கிடக்கீங்க' என்கிறாள் மனைவி. நானும் குழுவை விட்டு விலகிவிடட்டுமா?"

அன்புள்ள வாசகருக்கு,

தூக்கம் கெடுகிற அளவுக்கு இது பெரிய விஷயம்தான் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். 36 வருடச் சிநேகிதம் எட்டு மெசேஜில் அறுந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இப்படிப்பட்ட மனத்தாங்கலோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பலரும் "சின்ன விஷயம்தான் மேடம்" என்று கூச்சத்தோடுதான் ஆரம்பிப்பார்கள். சாப்பாடு, சினிமா, பாட்டு, கேம் என்று ஏதோ ஒன்று இருக்கும். பத்து நிமிடம் பேசுவதற்குள் கண் கலங்கிவிடும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கருத்துச் சொல்ல உரிமை இல்லையா என்று கேட்கிறீர்கள். தாராளமாக இருக்கிறது. மாயாவி உங்களுக்குச் சலித்துப்போயிருந்தால் சலித்துவிட்டது என்று சொல்லலாம், நண்பருக்காகப் பிடித்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அதில் மூன்று வாக்கியம் இருக்கிறது. சிரிப்பு வருகிறது என்பது உங்களைப் பற்றியது. எவ்வளவோ வந்தாச்சு என்பது புத்தகங்களைப் பற்றியது. மூன்றாவது வாக்கியத்தில் மாயாவியும் இல்லை, லார்கோவும் இல்லை. உங்கள் நண்பர் மட்டும்தான் இருக்கிறார், வளராத ஆளாக.

என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு காரியம் செய்யச் சொல்வது உண்டு. எதிர் நாற்காலியில் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, தாங்கள் அனுப்பிய மெசேஜை அப்படியே வாய்விட்டுப் படிக்க வேண்டும். தொடங்கும்போது குரல் திடமாக இருக்கும். பாதியில் தடுமாறும். சிலர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். தடுமாறுகிற இடம் எதுவென்று கவனித்திருக்கிறேன். பொருளைப் பற்றிய பேச்சு முடிந்து ஆளைப் பற்றிய பேச்சு தொடங்குகிற இடம் அது. எதிரில் ஒரு முகம் இருந்தால் வாய் தானாக நின்றிருக்கும். கையில் திரை மட்டும் இருக்கும்போது விரல் நிற்பதில்லை. முகம் தெரியாததும், பதில் உடனே காதில் விழாததும் மனிதர்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றன என்று ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-இல் விரிவாக எழுதினார். உங்களுக்கும் நடந்தது அதுதான். சாத்தூர் டீக்கடையில் அவர் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது வாக்கியம் உங்கள் வாயில் வந்திருக்காது.

இப்போது பிரியாணிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு நாள் சண்டை முழுவதையும் படித்தேன். சீரகச் சம்பா சின்ன அரிசி, கறியின் சாறும் மசாலாவும் உள்ளே இறங்கும், திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் அதைத்தான் போடுகிறார்கள் என்பது அவர் கட்சி. பாசுமதி நீளமாக வேகும், ஒன்றோடொன்று ஒட்டாது, மறுநாள் சூடு செய்தாலும் உதிரியாக இருக்கும் என்பது உங்கள் கட்சி. "உன் பாசுமதி பார்க்க நல்லாருக்கு மாப்ள, வாயில வெச்சா அரிசி தனியா கறி தனியா நிக்குது" என்று அவர் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி அது. எவ்வளவு கடுமையான விமர்சனம், எவ்வளவு துல்லியமான விமர்சனம்! அரிசி என்ன செய்கிறது என்று சொல்கிறார். அதைத் தின்கிற உங்களை எதுவும் சொல்லவில்லை. பதிலுக்கு நீங்களும் அரிசியோடு நின்றீர்கள். அதனால்தான் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிடலாம் என்று முடிந்தது. இப்படிச் சண்டை போட உங்கள் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும், நான் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

சாப்பாட்டுச் சண்டை எல்லாமே இப்படி இனிமையாக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் வந்தான் (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விடுமுறைக்கு ஊருக்குப் போனவன், அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறான். மண்சட்டி, மேலே மிதக்கிற நல்லெண்ணெய், பக்கத்தில் கம்மஞ்சோறு. வாந்தி எடுக்கிற பொம்மை மூன்று வந்தது. "இதெல்லாம் எப்படிடா திங்கிறீங்க" என்று ஒருத்தன் கேட்டான். "திங்கிறீங்க" என்ற அந்தப் பன்மையைக் கவனியுங்கள். அவன் ஒருவனைக் கேட்கவில்லை. அவன் வீட்டை, தெருவை, சாதியைச் சேர்த்துக் கேட்கிறான். அதற்குப் பிறகு அந்தப் பையன் ஹாஸ்டலில் என்ன பிடிக்கும் என்று யார் கேட்டாலும் தயிர்சாதம் என்றே சொல்லிவந்தான். "அது என் பர்சனல் டேஸ்ட், எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றானாம் கேட்டவன். நம் ஊரில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து மனிதர்களைத் தள்ளிவைத்த வரலாறு நீளமானது. அதனால் சாப்பாட்டு விஷயத்தில் ரசனை என்ற சொல்லுக்குப் பின்னால் அருவருப்பு ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

உண்மையில் பிடிக்கவில்லை என்பது வேறு. நாக்குகளே ஒன்றுபோல் இல்லை. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஃபீனைல் தயோகார்பமைடு என்ற பொடியை ஒரு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பொடி கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர், காற்றே கசக்கிறது என்று முறையிட்டார். பொடியின் அருகிலேயே நின்ற ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவருக்கும் வாக்குவாதம். ஃபாக்ஸ் பொடியை நாக்கிலேயே வைத்துப் பார்த்தார், சுவையே இல்லை. மற்றவர் வைத்தார், கடும் கசப்பு. இருவரும் பொய் சொல்லவில்லை. கசப்பை உணரும் ஒரு மரபணு ஆளுக்கு ஆள் மாறுபடுவதுதான் காரணம் என்பது 2003-இல் உறுதியானது. முட்டைக்கோஸ் சிலருக்கு மட்டும் அதிகம் கசப்பதற்கும் இதே மரபணுவுக்கும் தொடர்பு உண்டு. கொத்தமல்லித் தழை சிலருக்கு சோப்பு மாதிரி வாசம் அடிப்பதிலும் பிறவிக்கூறு கொஞ்சம் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய் நல்ல கொத்தமல்லியை நீ சாப்பிட்டதே இல்லை என்று வாதாடி என்ன பயன்?

பிறந்தபின் பழகுவதும் உண்டு, பிறக்கும் முன்பே பழகுவதும் உண்டு. கர்ப்ப காலத்தில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை முதன்முதலாக ஊட்டும்போது மற்றக் குழந்தைகளை விடக் குறைவாகவே முகம் சுளித்தன என்று 2001-இல் ஜூலி மென்னெல்லா குழுவினர் கண்டார்கள். தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிற ஒன்றை வாட்ஸ்அப்பில் ஒரு மதியத்தில் யாராலும் மாற்ற முடியாது.

காமிக்ஸ் நாக்கில் படுகிற பொருள் இல்லைதான். ஆனால் எந்த வயதில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதில் அதுவும் இதே மாதிரிதான். இரும்புக்கை மாயாவி 1962-இல் பிரிட்டனில் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு முழுவதும் மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். சாத்தூரிலிருந்து சிவகாசி எவ்வளவு தூரம்? லண்டனில் பிறந்த ஒரு கை, பக்கத்து ஊர் அச்சகத்தில் தமிழ் பேசி, உங்கள் இருவர் கைக்கும் வந்து சேர்ந்தது. பிளக்கில் கை வைத்தால் மறைந்துவிடலாம் என்று நம்பிய பையன்கள் அந்தத் தெருக்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! மாயாவி நல்ல கதையா என்பதற்கு உங்கள் நண்பர் வாதாடவே இல்லை என்று நினைக்கிறேன். அவர் எழுதியதை மறுபடி படியுங்கள். கதையைப் பற்றி இரண்டே வரி. மீதி முழுக்க எந்தக் கடையில் வாங்கினோம், யார் முதலில் படிப்பது என்று எப்படிச் சண்டை போட்டோம் என்பதுதான். அவர் பேசியது உங்களைப் பற்றி. அதற்குத்தான் சிரிப்பு வருகிறது என்று பதில் போட்டீர்கள்.

அந்த நாலு சிரிப்பு பொம்மைகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1971-இல் வெளியான ஒரு ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவர்கள் 48 பேருக்கு பால் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். பிறகு, நீ கிளே குழு, நீ காண்டின்ஸ்கி குழு என்று பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பையன்களுக்கு அது தெரியாது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அடுத்து, மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தனக்கு அதில் ஒரு பைசா வராது. அப்படியும் பெரும்பாலானவர்கள் தன் குழுவுக்குச் சாதகமாகப் பங்கிட்டார்கள். அதைவிட முக்கியமானது இது: தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவை விட அதிகமாக இருந்தால் போதும் என்ற பங்கீட்டின் பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். இரண்டு ஓவியரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் உண்டான ரசனை அது!

உங்கள் குழுவிலும் நாலு பேர் சிரித்ததும் நீங்கள் புதிய காமிக்ஸ் கட்சி ஆகிவிட்டீர்கள், அவர் பழைய காமிக்ஸ் கட்சி ஆகிவிட்டார். 36 வருடம் ஒரே கட்சியாக இருந்தவர்கள். அந்த நிமிடத்தில் அவர் பார்த்தது, 30 பேருக்கு முன்னால் தன் சிநேகிதன் எதிர்வரிசையில் போய் நின்று சிரிப்பதை. குழுவை விட்டு வெளியேறியது கதைக்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடிதத்தில் இரண்டு இடத்தை நீங்கள் அவசரமாகக் கடந்துவிட்டீர்கள். ஒன்று, உங்கள் மகன். அவன் கோபித்துக்கொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே, "முன்பெல்லாம் கட்டியதைக் காட்டுவான், நம்ம தெருவையே ஒருதடவை கட்டியிருந்தான், 'என்னடா எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு'ன்னேன், இப்போ காட்டுறதில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 13 வயதுப் பையனின் கோபம் அப்படித்தான் இருக்கும். சத்தம் வராது, காட்டுவது நின்றுவிடும். மைன்கிராஃப்டில் ஏறக்குறைய எல்லாமே கனசதுரக் கட்டைதான். வளைந்த ஓட்டுக் கூரையையும் சாய்ந்த தெருவையும் கட்டைகளை வைத்தே கொண்டுவருவது எவ்வளவு நுட்பமான வேலை என்று அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இன்று ராத்திரி அவன் பக்கத்தில் உட்காருங்கள். அந்தத் தெருவை மறுபடி காட்டச் சொல்லுங்கள். "நம்ம வீட்டு மாடிப்படியை எப்படிடா வெச்சே?" என்று கேளுங்கள். கேம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பது தனிப் பேச்சு, அதில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் கண்டிப்பு அவன் காதில் கேலியாகத்தான் விழும்.

இரண்டாவது, வெந்நீர் அடுப்பு. அப்பா அடுப்பில் போட்டார், பேசாமல்தான் இருந்தேன் என்கிறீர்கள். 14 வயதில் எரிகிற புத்தகத்தின் முன்னால் நின்றவர் நீங்கள். "பொம்மைப் புத்தகம்" என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். நீங்களும் கடிதத்தில் "பொம்மைக் கதை" என்றுதான் எழுதுகிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வலித்த சொல் நம்மை அறியாமலே நம் நாக்கில் தங்கிவிடும், பல வருடம் கழித்து வேறு யாரையோ பார்த்து வெளியே வரும். இதை என் அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மிச்சப் புத்தகம் அவன் வீட்டில் இருந்ததால் தப்பித்தது என்று. அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எப்படி அவர் வீட்டுக்குப் போயின? யார் கொண்டுபோனது? அவர் வீட்டில் மட்டும் திட்டு விழாமலா இருந்திருக்கும்? நீங்கள் வளரவில்லை என்று சொன்னது, உங்கள் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்திருந்த பையனைப் பார்த்து.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். குழுவை விட்டு விலகாதீர்கள். விலகினால் அது கட்சிச் சண்டையாகவே முடிந்துவிடும். போன் எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நீளமாக மெசேஜ் எழுதி அனுப்பவும் வேண்டாம். கோவையிலிருந்து சாத்தூருக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம்தான், நேரில் போங்கள். "உன் மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த "இருந்தா" பழியை அவர் மனசின் மேல் போடுகிறது. சொன்னது நீங்கள், அதனால் சொன்னதைச் சொல்லுங்கள்: "வளரலைன்னு சொன்னது தப்பு மாப்ள. அது உன்னைச் சொன்னதுதான். சொல்லியிருக்கக் கூடாது." மாயாவி இப்போது எனக்கு ஓடவில்லை என்ற கருத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டியதில்லை, திரும்பப் பெற்றால் அவரும் நம்பமாட்டார். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள். 30 பேர் முன்னால் சொன்னது என்பதால் 30 பேர் முன்னாலும் ஒரு வரி வர வேண்டும். ஆனால் அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவர் சம்மதத்தோடு. முதலிலேயே குழுவில் போட்டால் அது அவருக்காகப் போட்டதாக இருக்காது.

அவர் உடனே இளகிவிடுவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. "சரி, பாப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பலாம். அதையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மறுபடி பேச்சு வார்த்தை தொடங்கினால், காமிக்ஸ் சண்டையும் தொடரட்டும். மொழிபெயர்ப்பு சரியில்லை, அச்சு மங்கல், விலை அதிகம், இந்தப் பாகத்தில் கதை இழுக்கிறது என்று எதை வேண்டுமானாலும் போட்டுக் கிழியுங்கள். அதெல்லாம் காட்டிப் பேசக்கூடிய விஷயம், பேசப் பேசப் புத்தகமே மேம்படும். தோர்கலில் அப்படி என்ன கண்டீர்கள் என்று அவருக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். எந்தக் கட்டத்தில் உங்கள் மூச்சு நின்றது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அரிசி தனியா கறி தனியா நிற்கிறது என்று எழுதத் தெரிந்தவர், அதற்கும் ஒரு நல்ல வரி வைத்திருப்பார்.

போகும்போது அந்த மறுபதிப்பை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். சமாதானத்துக்காக வாங்கியது என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிடும். வெறுங்கையோடு போய், அடுப்பிலிருந்து தப்பித்த புத்தகங்களை அன்றைக்கு எங்கே ஒளித்துவைத்தாய், டிரங்குப் பெட்டியிலா பரண் மேலா, உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். 30 வருடத்துக்கு மேலாகியும் இதுவரை நீங்கள் அதை அவரிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.